பத்தேகால் மணி வரைக்கும்

ஹலோ… ஹலோ… இருங்க, இருங்க, ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடிச்சே காதைப் பொளக்குறான்… ஐயோ, இன்னும் அடிக்கிறான் பாருங்க… போயேன்டா, அதான் வழி இருக்குல்ல… ஆங், இப்ப சொல்லுங்க… ஆமா, குமுதாதான்… தினேஸ்வரி அம்மாதான் பேசுறேன்… யாரு? ஜானிஸ் டீச்சரா?… வணக்கம் டீச்சர், வணக்கம்.

என்ன டீச்சர்?… பாப்பாவுக்கா?… காய்ச்சலா?… எத்தன இருக்கு?… முப்பத்தெட்டு புள்ளி ஒம்போதா?

… இல்லயே டீச்சர். காலைல கேட்டுல நெத்தியில மெஷின் வச்சிப் பாத்தாங்களே, முப்பத்தாறு புள்ளி ஏழுன்னு காட்டுச்சு. நான் பக்கத்துலதானே நின்னேன்… ஆமா… ஆமா… மெஷின் கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லல…

மருந்தா?… என்ன மருந்து?…

…

சரி டீச்சர். கொடுத்தேன். அஞ்சரைக்கு ஒரு மூடி காய்ச்ச மருந்து கொடுத்துத்தான் கூட்டிட்டு வந்தேன்… நீங்கதான் பிடிச்சிட்டீங்களே, இனிமே மறைச்சி என்ன ஆகப் போவுது… தெரியும் டீச்சர்… நாலு மணி நேரம் தாங்கும், அப்புறம் திரும்ப ஏறும்… தெரிஞ்சுதான் கொடுத்தேன்… ஆமா… ஆமா… ஸ்டாண்டர்டு ஒண்ணுலயும் ரெண்டு பேரு இப்படித்தான் வாராங்களா?… இல்ல, அவங்களைக் காட்டி நான் தப்பிக்கப் பாக்கல… தப்புதான்… தப்புதான்னு சொல்லிட்டேன்லா டீச்சர், இன்னும் எத்தன தடவ சொல்லணும்!

… மன்னிச்சிக்குங்க. சத்தம் போட்டுட்டேன்… இல்ல, உங்க மேல கோவம் இல்ல.

டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கு வருகையைக் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சா?… நோட்டுல போட்டுட்டீங்க, அது தெரியும்… கம்ப்யூட்டர்ல?… ரெஸ்ட் மணி அடிச்சதுக்கு அப்புறம்தானா?… ரெஸ்ட்டு எப்ப, பத்தேகாலா?… இப்ப மணி ஒம்போது அம்பது. இருபத்தஞ்சு நிமிஷம்.

இருங்க, இருங்க, நான் என்ன கேக்கிறேன்னு முழுசா கேளுங்க… பிள்ளையை விட கம்ப்யூட்டர் பெருசான்னு கேக்காதீங்க டீச்சர். ரொம்ப வலிக்குது… சொல்றேன், சொல்றேன்.

கூட்டிட்டுப் போகணுமா, இப்பவேவா?… எப்படி டீச்சர் வர்றது? நான் வேலையில இருக்கேன். சித்தியவான்ல… ஆமா, பிளாஸ்டிக் கம்பெனிதான். இப்ப லோடிங் பக்கம் நிக்கிறேன், அதான் லாரி சத்தம் கேட்டுச்சு… கேட்டுட்டு வரணும், சூப்பர்வைசர்கிட்ட பேசணும், கார்டு தட்டணும், அப்புறம் ஆயர் தாவார் வந்து, எஸ்டேட்டு ரோட்டுல உள்ள வரணும்… எப்படியும் அரை மணி நேரம். பத்தரைக்கு வந்துடறேன். பத்தரைன்னா பத்தரை, ஒரு நிமிஷம் தாண்டாது.

அதுவரைக்கும் அவளை கிளாஸ்லயே உக்கார வைங்க டீச்சர். ஆபீஸ்ல வேணாம். ஆபீஸ்ல உக்கார வச்சா எச்.எம். பாப்பாரு, 'வீட்டுக்குப் போயாச்சு'ன்னு எழுதச் சொல்லிருவாரு…

ஏன் சொல்லுறேன்னா, போன மாசம் வயித்து வலின்னு என்னைக் கூப்பிட்டீங்களே, ஞாபகம் இருக்கா?… ஆமா, அந்த செவ்வாக்கிழமைதான்… ஒம்போது மணிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போனேன். அன்னிக்கு அவ காலைலயே வந்து உக்காந்தா, வாய்ப்பாடு சொன்னா, நீங்க நட்சத்திரம்கூட ஒட்டிவிட்டீங்க. ஆனா கம்ப்யூட்டர்ல என்னா இருக்கு தெரியுமா?… 'வரவில்லை.' … ஐயோ, பொய்யில்ல டீச்சர், நான் கண்ணால பாத்தேன். பிரிண்ட் எடுத்து மேசையில வச்சிருந்தாங்க.

… எந்த மேசையா? லோயர் மேசையில.

… ஆமா டீச்சர். கோர்ட்டு கேசுதான்… உங்களுக்கு யாரும் சொல்லலயா?… ஆமால்ல, நீங்க இந்த ஸ்கூலுக்கு வந்தே நாலு மாசம்தானே ஆச்சு. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

நானும் அவ அப்பாவும் பிரிஞ்சி ஒண்ணரை வருசம். அவரு இப்ப ஈப்போவுல. பாப்பாவைத் தன்கிட்ட கொடுக்கணும்னு கேசு போட்டிருக்காரு. நாளன்னிக்கு, பதினெட்டாம் தேதி, ஈப்போ கோர்ட்டுல… ஆமா… அவரு கையில வச்சிருக்கிறது வேற எதுவும் இல்ல டீச்சர். நான் குடிக்கிறேனா, ஊர் சுத்துறேனா, ஒண்ணும் இல்ல. உங்க ஸ்கூல் வருகைதான். 'இந்தத் தாய் பிள்ளையை ஸ்கூலுக்கே அனுப்பறதில்ல'ன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க… ஆமா, பேப்பர்ல அப்படித்தான் தெரியுது… என் லோயர் அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. 'குமுதா, பதினெட்டு வரைக்கும் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. இனி ஒரு நாள் விட்டாலும் நான் பேசறதுக்கு வாய் இருக்காது'ன்னு.

இன்னிக்கு பதினாறு டீச்சர். இன்னிக்கும் நாளைக்கும்தான் கேக்கிறேன்.

… எம்.சி.யா? டாக்டர்கிட்ட எம்.சி. காயிதம் எடுத்தா மட்டும் விட்டுருவாங்களா? எம்.சி. கொடுத்தா 'பிள்ளை எப்பப் பாத்தாலும் சீக்கு, தாய் சரியா பாத்துக்கல'ம்பாங்க. கொடுக்கலன்னா பொந்தெங்கும்பாங்க, ஸ்கூலுக்கு மட்டம் போடுறவ மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுருதான்.

ம்… ம்… பன்னெண்டு நாளா? ஆமா டீச்சர், மார்ச்சுல சேர்ந்தாப்புல பன்னெண்டு நாளு வரல. அதை நான் இல்லன்னு சொல்லவே இல்லயே… காரணம் எழுதலயா? எப்படி எழுதுவேன்?

அம்மா வந்திருந்தாங்க டீச்சர்… ஐயோ, என்னைப் பெத்த அம்மா இல்ல. அம்மை. உடம்பு பூரா முத்து. நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு எப்படிச் சொல்றது… என்னது?… உங்க வீட்டுலயுமா?… தலையணைக்குக் கீழ வேப்பிலையா! அட, ஜெபமும் பண்ணி வேப்பிலையும் வச்சாங்களா? அப்புறம் என்ன டீச்சர், உங்களுக்கே தெரியுமே. வாசல்ல வேப்பிலை கட்டி, தாளிக்காம சமைச்சி, யாரையும் உள்ள விடாம, நானும் வேலைக்கு லீவு போட்டு, மூணாவது தண்ணி ஊத்துற வரைக்கும் அவளை வெளியில விடல. அம்மா வீட்டுல இருக்கும்போது கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போயி ஊசி போடுவாங்களா? யாரு போவா? அப்ப எம்.சி. எங்க இருந்து வரும்?

… சொன்னேனே. உங்களுக்கு முன்ன இருந்த கலாதேவி டீச்சர்கிட்ட போன் பண்ணிச் சொன்னேன். 'நல்ல காரியம் பண்ணினீங்க குமுதா, மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும், நிதானமா அனுப்புங்க'ன்னாங்க. இப்ப அவங்க பாரிட் புந்தாருக்கு மாத்தலாகிப் போயிட்டாங்க… வாட்சாப்புலயா? அம்மா வந்திருக்கிற சமாச்சாரத்தைப் போயி வாட்சாப்புல போடுவாங்களா டீச்சர்? படம் எடுத்து அனுப்புவாங்களா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

அதான் நான் செஞ்ச தப்பு. வாயால சொன்னேன், காயிதம் இல்ல. எச்.எம்.கிட்ட போயி அழுதேன். அவரு பாவம், 'எனக்குப் புரியுதும்மா, ஆனா கம்ப்யூட்டர்ல அம்மா வந்ததுன்னு போடறதுக்குக் கட்டம் இல்ல'ங்கிறாரு. அதனால காரணம் இல்லாம வரலன்னு ஏறிடுச்சு. அதுக்கு மூணு எச்சரிக்கைக் கடிதம் வேற அனுப்பியிருக்காங்க… எனக்கு ஒண்ணுகூட வரல டீச்சர்! ஸ்கூல் பாரத்துல இருக்கிறது அவரு அக்கா வீட்டு அட்ரஸ். ஸ்டாண்டர்டு ஒண்ணுல சேக்கும்போது அங்கதானே இருந்தோம். அந்த அக்கா மூணு கடிதத்தையும் பிரிக்காம வாங்கி, தம்பி கையில கொடுத்துட்டாங்க. அவரு அதை மடிப்புக்கூட கலையாம ஃபைல்ல போட்டு வச்சிருக்காரு.

அன்னிக்கு உங்க கிளாஸ்ல ஒரு பிள்ளைக்காவது ஒட்டுச்சா, கேட்டுப் பாருங்க. ஒரு பிள்ளைக்கும் ஒட்டல. ஏன்? நான் வீட்டுல வச்சிருந்தேன். அதுக்கு எனக்குக் கிடைச்சது மூணு கடிதம். இப்ப அனுப்பினா நீங்க திட்டுறீங்க. நான் என்னதான் செய்யறது, நீங்களே சொல்லுங்க!

…

ம்… ம்… புரியுது டீச்சர்… கிளாஸ்ல மொத்தமே பதினோரு பிள்ளைங்க, தெரியும்… ஏற்கனவே ரெண்டு பேரு இருமிக்கிட்டு இருக்காங்களா… யாரு பக்கத்துல உக்காந்திருக்கா?… கால்வினா?

… ரோசம்மா மகன் கால்வினா? அவனுக்கு மூச்சு இழுக்குமே டீச்சர்!… ஆமா, போன வருசம் ஆஸ்பித்திரியில நாலு நாளு கிடந்தான். நான்தான் ரோசம்மாவுக்குச் சோறு கொண்டு போயி கொடுத்தேன்… ஐயோ… அவனை வேற இடத்துக்கு மாத்துங்க. ஜன்னல் பக்கம் மாத்துங்க டீச்சர், காத்து வரட்டும்… ஆமா… ரோசம்மாவுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பாளா? முழிக்க மாட்டா. நான் அவ இடத்துல இருந்தா கேட்டுல வந்து சண்டை போட்டிருப்பேன்… நியாயம்தான் டீச்சர், நீங்க சொல்றது எல்லாமே நியாயம்தான். எனக்கு நியாயம் தெரியாம இல்ல. எனக்கு ரெண்டு நாளு வேணும், அவ்வளவுதான்.

இருங்க டீச்சர், இன்னொரு லைன் வருது… சூப்பர்வைசர்தான். ஒரு நிமிஷம், கட் பண்ணிராதீங்க, ப்ளீஸ்.

ஹலோ, பத்துமலை அண்ணே… ஆமாண்ணே… காலைலயே மெசேஜ் போட்டேனேண்ணே, பாக்கலயா?… வயித்தால போவுதுண்ணே, ராத்திரியில இருந்து… கிளினிக்லதான் உக்காந்திருக்கேன்… நம்பர் நாப்பத்தாறுண்ணே, இப்பத்தான் இருபது ஓடுது… என்னது, சத்தமே கேக்கலயா? கிளினிக்ல யாராவது சத்தம் போடுவாங்களாண்ணே? எல்லாம் சீக்காளிங்க, பேசாம உக்காந்திருக்காங்க… நாளைக்கு வந்துடறேன்… ஓ.டி. நிக்கிறேன்ணே, சத்தியமா… வைக்கிறேண்ணே, நம்பர் கூப்பிடுறாங்க.

ஹலோ, டீச்சர்?… இருக்கீங்களா?… மன்னிச்சிக்குங்க… ஆமா, சூப்பர்வைசர்தான்… இங்கதான் இருக்காரு… இங்க இருந்துக்கிட்டேதான் அடிக்கிறாரு. பெரிய கம்பெனி டீச்சர், எழுந்து நடந்து வர்றதுக்கு அவருக்குச் சோம்பல்… கேட்டுட்டேன். விட மாட்டேங்கிறாரு. பத்தே காலுக்கு மேலதான் கிளம்ப முடியும்.

இப்ப மணி என்ன… பத்தா?… பாப்பா என்ன பண்ணுறா?… தலையை மேசையில வச்சிட்டாளா… தண்ணி கொடுங்க டீச்சர். பையில நீலக் கலரு போத்தல் இருக்கும். சுடு தண்ணி வேணாம், குடிக்க மாட்டா. துணி நனைச்சி நெத்தியில போடுங்க… பையில சின்ன டவல் வச்சிருக்கேன்… ஆமா… மருந்தும் முன் பக்க ஜிப்புக்குள்ள இருக்கு. ஒரு மூடி…

நீங்க கொடுக்கக் கூடாதா?… ஸ்கூல்ல யாரும் மருந்து கொடுக்கக் கூடாதா… சரி… சரி, சட்டம்னா சட்டம். எல்லாத்துக்கும் சட்டம் இருக்கு. எனக்குத்தான் ஒரு சட்டமும் இல்ல.

…

என்னது?… எந்த நம்பர்?… பாரத்துல ரெண்டாவதா இருக்கிற நம்பரா?… அது யாரு நம்பரு?… படிங்க… பூஜ்யம் ஒண்ணு ஆறு…

டீச்சர்! டீச்சர், அந்த நம்பருக்கு மட்டும் அடிச்சிராதீங்க!… அப்பாதான், அப்பாதான் இல்லன்னு சொல்லல… வேணாம் டீச்சர், உங்க காலைப் பிடிச்சிக் கேக்கிறேன்… அவசரத்துக்குக் கூப்பிடத்தான் போட்டிருக்கு, தெரியும்… நான் வர்றேன்னு சொல்லிட்டேன்ல, அப்புறம் எதுக்கு அவரைக் கூப்பிடணும்?… அடிச்சிட்டீங்களா?… அடிச்சிட்டீங்களா, இல்லயா, அதை மட்டும் சொல்லுங்க!

… இன்னும் இல்லயா… அப்பாடா…

அவரை நான் கெட்டவர்னு சொல்ல மாட்டேன் டீச்சர். பிள்ளை மேல பாசம் இல்லாதவரு இல்ல. பொறந்த நாளைக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தாரு. ஆனா இவளுக்குக் காய்ச்சல் வந்தா வெறும் தரையிலதான் படுப்பா, கஞ்சியில உப்பு போட்டா தொட மாட்டா, இதெல்லாம் அவருக்குத் தெரியுமா? இன்னிக்கு நீங்க போன் அடிச்சா, ஈப்போவுல இருந்து ஒண்ணரை மணி நேரத்துல வந்து நிப்பாரு. தூக்கிட்டு நேரா கிளினிக்குக்குப் போவாரு, ஒரு காயிதம் வாங்குவாரு. 'காய்ச்சலோட பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிட்டா'ன்னு அதையும் அந்த ஃபைல்ல சேத்துருவாரு. அனுப்பாம இருந்ததுக்கு மூணு காயிதம், அனுப்பினதுக்கு ஒண்ணு. கோர்ட்டுல அவங்க லோயர் சிரிச்சிக்கிட்டே படிப்பாரு.

… நீங்க அழாதீங்க டீச்சர், என்ன டீச்சர் இது… உங்களுக்கும் சின்னப் பிள்ளை இருக்கா?… எத்தன மாசம்?… ஏழு மாசமா… ஐயோ. தெரியாதே எனக்கு. அப்ப நீங்க வீட்டுக்குப் போயி குளிச்சிட்டுப் பிள்ளையைத் தூக்குங்க… ஆமா… ஆமா, பயமாத்தான் இருக்கும்…

…

என்ன சொன்னீங்க?… பாப்பா என்கிட்ட பேசணும்ங்கிறாளா?… கொடுங்க, கொடுங்க.

பாப்பா… என்னடா… ஏன் இப்படி மெதுவா பேசுற, டீச்சர் பக்கத்துல நிக்கிறாங்களா?… சரி, மெதுவாவே பேசு… தலை வலிக்குதா?… இல்லயா? பொய் சொல்லாத… ம்… குளுருதா?… சுவெட்டர் போட்டுக்கிட்டியா… நல்ல பிள்ளை.

ஏன்டா டீச்சர்கிட்ட காய்ச்சல் இல்லன்னு சொன்ன?… ம்?… டீச்சர் மெஷின் எடுக்கப் போகும்போது என்ன பண்ணின?… தண்ணி போத்தலையா?… ஜில்லுன்னு இருக்கிற போத்தலை நெத்தியில வச்சிக்கிட்டியா?… யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தா?… நீயேவா…

எதுக்குடா செல்லம்?

…

என்ன ஃபைலு?… அப்பா ஃபைலா?… அது உனக்கு எப்படித் தெரியும்?… நான் லோயர் அம்மாகிட்ட போன் பேசும்போது நீ காடியில பின் சீட்டுல தூங்கிக்கிட்டுத்தானே இருந்த?… தூங்கலயா… எல்லாத்தையும் கேட்டியா…

… இல்லடா… இல்ல, அப்படி யாரும் உன்னை… ம்… ம்… எத்தன நாளு மிச்சம் இருக்குன்னா?… ரெண்டு நாளு. ஆமா, ரெண்டு நாளுதான்… நீ எண்ணிக்கிட்டா இருக்க? நோட்டுக்குப் பின்னாலயா?… கோடு போட்டு வச்சிருக்கியா…

வாந்தி வருதா?… எப்ப எடுத்த?… டாய்லட்டுலயா?… டீச்சர்கிட்ட சொல்லலயா?… ஏன்டா சொல்லல… அனுப்பிருவாங்கன்னா…

…

ரெஸ்ட் மணி அடிக்கிற வரைக்கும் தாங்கிக்குவியா நீ… யாரு உன்னைத் தாங்கிக்கச் சொன்னா… நான் சொன்னேனா?… ஆமா, காலைல சொன்னேன். 'இன்னிக்கு மட்டும் தாங்கிக்கடா'ன்னு நான்தான் சொன்னேன்…

அம்மா அழலடா. சளி. எனக்கும் சளி… போனை டீச்சர்கிட்ட கொடு… கொடுடா பாப்பா… அம்மாவுக்கு உன் மேல கோவமே இல்ல. கொடு.

…

டீச்சர்… கேட்டீங்களா… வாந்தி எடுத்திருக்கா… ரெண்டு தடவ… நீங்க பாக்கலயா… மறைச்சிருக்கா. நெத்தியில போத்தலை வச்சி உங்க மெஷினையும் ஏமாத்தியிருக்கா. ஒம்போது வயசு… இப்ப வச்சிப் பாருங்க… இன்னொரு தடவ, போத்தலை வாங்கிட்டுப் பாருங்க… நான் காத்திருக்கேன்…

எத்தன?… சத்தமா சொல்லுங்க… முப்பத்தொம்போது புள்ளி ஆறா?

…

மணி என்ன ஆச்சு டீச்சர்?… பத்து பதினொண்ணா… இன்னும் நாலு நிமிஷம்…

ம்?… என்ன சொல்றீங்க?… நீங்க மடியில வச்சிப் பாத்துக்கிறீங்களா… மணி அடிச்ச உடனே நீங்களே ஆபீஸுக்குப் போயி, வந்ததா ஏத்தச் சொல்லிட்டு, அப்புறம் கேட்டுல நிக்கிற ஜாகாகிட்ட சொல்லி என்கூட அனுப்புறீங்களா?… எச்.எம்.கிட்ட நீங்க பேசிக்கிறீங்களா…

… நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். இவ்வளவு நேரம் உங்களைத் திட்டுனதுக்கு நீங்க என்னை…

வேணாம் டீச்சர்… இல்ல, வேணாம். நாலு நிமிஷம்தான், எனக்கும் தெரியுது. அந்த நாலு நிமிஷத்தையும் அவதான் தாங்கணும்… கோர்ட்டுல கேட்டா நான் சொல்லிக்கிறேன். அம்மா வந்தது, கடிதம் அக்கா வீட்டுக்குப் போனது, இன்னிக்கு மருந்து கொடுத்து அனுப்பினது, எல்லாத்தையும் என் வாயாலயே சொல்லிடறேன். லோயர் அம்மா திட்டுனா திட்டட்டும்… பேரை வெட்டிருங்க டீச்சர். வரலன்னே ஏத்துங்க.

ஜாகாகிட்ட கேட்டைத் தொறக்கச் சொல்லுங்க… இல்ல, அரை மணி நேரம்லாம் ஆகாது… சித்தியவான்ல இல்ல டீச்சர்… ரோட்டுக்கு அந்தப் பக்கம், செம்பனை மரத்தடியில ஒரு வெள்ளைக் காடி நிக்குது பாருங்க, அதுக்குள்ளதான் உக்காந்திருக்கேன், காலைல ஏழேகாலுல இருந்து.